மணைப்பலகை இருக்கிறதா? யோகா தொடங்கலாம்

யோகா பற்றி வந்த கடிதங்களில் பல, "என் உடம்பு வளையாது" என்ற வரியோடுதான் தொடங்குகின்றன. ஆகவே வளையாத உடம்பை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம். ஒரு மணைப்பலகை, ஒரு துண்டு, கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, ஒரு வெற்றுச் சுவர் இருந்தால் இங்கே சொல்லியிருப்பதில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

எனக்கு வயது 52. வீட்டு வேலை தவிர வேறு உடற்பயிற்சி செய்ததில்லை. எதில் தொடங்குவது? எவ்வளவு நேரம் செய்யவேண்டும்?
– வாசகி, காரைக்குடி

தினமும் இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றரை மணி நேரம் உடம்பை வருத்துவதைவிட இது எவ்வளவோ மேல். கீழே சொல்லும் வரிசையை ஆறு வாரம் மாற்றாமல் செய்யுங்கள். தினம் ஒரு புது ஆசனம் என்று தாவினால் எதுவும் உடம்பில் பதியாது.

முதலில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கை தொப்புள்மேல், மறு கை நெஞ்சின்மேல். மூக்கு வழியாக மூச்சை இழுக்கும்போது வயிற்றின் மேலிருக்கும் கை உயரவேண்டும், விடும்போது இறங்கவேண்டும். நெஞ்சின் மேலிருக்கும் கை அதிகம் அசையக்கூடாது. நிறையப் பேருக்கு இது நேர்மாறாக நடக்கிறது: மூச்சை இழுக்கும்போது வயிற்றை எக்கிவிடுகிறார்கள். அப்படியானால் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்க இடமில்லாமல் தோளும் கழுத்தும் மூச்சுக்காக உழைக்கின்றன. அரை கிலோ பருப்புப் பொட்டலத்தை வயிற்றின்மேல் வைத்து அது ஏறி இறங்குவதைக் கவனித்தால் இரண்டு மூன்று நாளில் பிடிபட்டுவிடும். பதினைந்து மூச்சு.

அதே நிலையில் வலது முழங்காலைக் கைகளால் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே வயிற்றை நோக்கி இழுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே தளர்த்துங்கள். ஆறு முறை. பிறகு இடதுகால். இது பவனமுக்தாசனத்தின் எளிய வடிவம். தலையைத் தூக்க வேண்டாம்.

அடுத்து சேதுபந்தாசனம். குதிகால்கள் இடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, பாதங்கள் இரண்டும் இடுப்பின் அகலத்துக்கு விலகி இருக்கட்டும். மூச்சை இழுத்துக்கொண்டே இடுப்பை உயர்த்துங்கள். விட்டுக்கொண்டே முதுகெலும்பை மேலிருந்து கீழாகத் தரையில் வைத்து இறக்குங்கள். ஆறு முறை. முழங்கால்கள் வெளிப்பக்கம் விரிந்தால் பாரம் கீழ்முதுகுக்குப் போய்விடும். இடுப்பு மேலே இருக்கும்போது தலையை இப்படி அப்படித் திருப்பாதீர்கள், கழுத்தில் சுளுக்கு பிடிக்கும்.

பக்கவாட்டில் புரண்டு எழுந்து நில்லுங்கள். இரண்டு பாதங்களிலும் எடை சமமாக இருக்கட்டும். மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை முன்பக்கமாகத் தலைக்கு மேலே தூக்குங்கள், விட்டுக்கொண்டே இறக்குங்கள். இதுவும் ஆறு முறை. பிறகு மேசை விளிம்பிலோ நாற்காலியின் முதுகிலோ கைகளை வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து, இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள். முதுகு மேசைப்பலகைபோல் நீண்டிருக்கவேண்டும். அதற்காக முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் தவறே இல்லை. ஐந்து மூச்சு. நாற்காலி நகராதபடி சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.

அடுத்தது சுவரோரம் விருட்சாசனம். ஒரு கை சுவரில், ஒற்றைக்காலில் நின்று, மறு பாதத்தைக் கெண்டைக்காலின் உட்புறத்தில் வையுங்கள். முழங்கால் மூட்டின் பக்கவாட்டில் மட்டும் பாதத்தை வைத்து அழுத்தக்கூடாது. அந்த மூட்டு முன்பின் மடங்குவதற்கானது, பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. பக்கத்துக்கு ஐந்து மூச்சு.

பிறகு குப்புறப் படுத்துப் புஜங்காசனம். உள்ளங்கைகள் நெஞ்சின் பக்கத்தில், முழங்கைகள் விலாவோடு ஒட்டி. மூச்சை இழுத்துக்கொண்டே தலையையும் நெஞ்சையும் தூக்குங்கள். தொப்புள் தரையை விட்டு எழக்கூடாது. கைகளை நேராக நீட்டித் தள்ளி, படத்தில் பார்ப்பதுபோல் உயரமாக எழுவதுதான் இங்கே நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் முதுகு முழுவதும் வளைவதற்குப் பதிலாக இடுப்புக்கு மேலே ஒரே இடத்தில் மடிந்து பிடித்துக்கொள்ளும். சந்தேகமானால் ஒரு கணம் உள்ளங்கைகளைத் தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். நெஞ்சு எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் இன்றைக்கு உங்கள் முதுகின் உயரம். ஆறு முறை செய்து, கைகளைத் தலையணையாக மடித்து ஒரு நிமிடம் குப்புறவே ஓய்வெடுங்கள். கடைசியில் ஐந்து நிமிடம் சவாசனம், அதாவது மல்லாந்து அசையாமல் படுத்திருப்பது.

இவை எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான். மூச்சு முட்டினாலோ, தானாக அடங்கிக்கொண்டாலோ, பல்லைக் கடித்தாலோ அளவு மீறிவிட்டீர்கள். பாதி தூரம் திரும்பி வாருங்கள். ஆசனம் என்பதற்குப் பதஞ்சலி சொல்லும் இலக்கணமே நிலையாகவும் சுகமாகவும் இருப்பது என்பதுதான். எவ்வளவு வளையவேண்டும் என்ற பேச்சே அங்கு இல்லை.

யோகா மேட் வாங்கியே ஆகவேண்டுமா? எங்கள் வீட்டில் டைல்ஸ் தரை.
– வாசகர், திருப்பூர்

படுத்தும் உட்கார்ந்தும் செய்வதற்கு ஜமுக்காளம் போதும். நின்று, கால்களை அகட்டிச் செய்யும் ஆசனங்களுக்கு டைல்ஸ்மேல் ஜமுக்காளம் ஆபத்து, வழுக்கும். அதற்கு மட்டும் ஜமுக்காளத்தை எடுத்துவிட்டு வெறும் தரையில் வெறுங்காலோடு நில்லுங்கள். சாக்ஸ் வேண்டாம். மேட் வாங்குவதானால் உங்கள் உயரத்தைவிட நான்கைந்து அங்குலம் நீளமாக, 4 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனில் வாங்குங்கள். மெத்தைபோல் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் விற்பதில் முழங்காலுக்குச் சுகம் இருக்கும், ஆனால் பாதம் அமிழ்ந்து ஒற்றைக்காலில் நிற்க முடியாது. புது மேட் சில நாள் வழுக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் சரியாகும். வெயிலில் போட்டால் சீக்கிரம் உதிர ஆரம்பிக்கும்.

சம்மணம் போட்டால் முழங்கால்கள் இரண்டும் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, முதுகு கூன் விழுகிறது, ஐந்தே நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது. பத்மாசனம் எனக்கு எப்போது வரும்? வயது 38.
– வாசகர், கோவை

உங்கள் குறை முதுகில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் வெளிப்பக்கமாகச் சுழன்றால்தான் முழங்கால் தாழும். நாற்காலியிலும் டைனிங் டேபிளிலும் வளர்ந்த உடம்புக்கு அந்தச் சுழற்சி குறைந்துபோயிருக்கும். முழங்கால் தாழாதபோது இடுப்பெலும்பு பின்னால் சாய்கிறது. அதன்மேல் நிற்கும் முதுகும் வேறு வழியில்லாமல் கூனுகிறது. அந்த நிலையில் "முதுகை நிமிர்த்து" என்று எத்தனை முறை சொன்னாலும் இரண்டு நிமிடத்துக்குமேல் நிமிராது.

இதற்கு மருந்து உயரம். மணைப்பலகையைப் போட்டு அதன்மேல் ஒரு போர்வையை மடித்து வையுங்கள். புட்டம் மட்டும் அதன்மேல், கால்கள் தரையில். முழங்கால்கள் இடுப்பெலும்பின் மட்டத்துக்கோ அதற்குக் கீழோ வரும்வரை உயரத்தைக் கூட்டுங்கள். சிலருக்கு மூன்று அங்குலம் போதும், சிலருக்கு ஆறு வேண்டும். உயரம் சரியாக இருந்தால் முதுகு தானாக நிமிரும். அந்தக் கணத்தை உங்களால் உணர முடியும். அப்போதும் முழங்கால்கள் அந்தரத்தில் நின்றால் அவற்றின் கீழே ஆளுக்கொரு தலையணை கொடுங்கள். தொங்கும் காலைத் தசைகள் பிடித்துக்கொண்டே இருக்கும். தாங்கல் கிடைத்தால்தான் தளரும்.

மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒரு காலின் பாரம் மற்றொன்றின் நரம்பை அழுத்துவது. கால்களை இன்னும் முன்னால் தள்ளி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒன்றுக்கு முன்னால் ஒன்றாகத் தரையில் வையுங்கள். கணுக்காலின் வெளிப்புறம் தரையில் குத்தினால் துண்டை மடித்து அடியில் கொடுங்கள். இன்று வலதுகால் முன்னால் என்றால் நாளை இடதுகால். எல்லோருக்கும் பழக்கமான ஒரு பக்கம் உண்டு. அதிலேயே உட்கார்ந்தால் இடுப்பு கோணலாகப் பழகிவிடும்.

பத்மாசனத்துக்கு அவசரமே வேண்டாம். இடுப்பு சுழலாதபோது பாதத்தைப் பிடித்து இழுத்துத் தொடைமேல் வைத்தால், அந்தத் திருகல் முழுவதும் முழங்காலுக்குள் போகிறது. உள்ளே இருக்கும் குருத்தெலும்புத் தட்டு நசுங்கிக் கிழிந்தால் எளிதில் ஆறாது. முழங்காலின் உட்பக்கத்தில் சுருக்கென்று வலித்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள். இடுப்பெலும்பின் அமைப்பே ஆளுக்கு ஆள் வேறு; சிலருக்கு எத்தனை ஆண்டு பழகினாலும் பத்மாசனம் வராது. அதனால் மூச்சுப்பயிற்சிக்கோ தியானத்துக்கோ ஒரு குறையும் இல்லை. தரையில் உட்காரவே முடியாதவர்கள் நாற்காலியின் நுனியில், பாதங்கள் தரையில் படிய, சாயாமல் உட்கார்ந்தால் போதுமானது.

காலையில் காபி குடிக்காமல் எனக்கு எதுவுமே ஓடாது. குடித்துவிட்டுச் செய்யலாமா?
– வாசகி, சேலம்

அரை டம்ளர் குடித்துவிட்டு அரை மணி கழித்துச் செய்யுங்கள். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம், இட்லி இரண்டு போன்ற டிபனுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் இடைவெளி தேவை. வயிறு நிறைந்திருந்தால் உதரவிதானம் இறங்காது, குனிந்தால் எதுக்களிக்கும். சாப்பிட்ட உடனே செய்யலாம் என்று மரபு அனுமதிப்பது, மண்டியிட்டுக் குதிகால்கள்மேல் உட்காரும் வஜ்ராசனம் ஒன்றைத்தான். அதுவும் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஆகாது. காலையில் உடம்பு இறுக்கமாக இருக்கும், மாலையில் வளையும். உங்களுக்கு எது தவறாமல் வாய்க்குமோ அதுவே நல்ல நேரம்.

குனிந்தால் விரல்கள் முழங்காலோடு நின்றுவிடுகின்றன. ஒருவர் முதுகில் கைவைத்து அழுத்தினால் கொஞ்சம் இறங்குகிறது. அப்படிச் செய்யலாமா?
– வாசகர், தூத்துக்குடி

கூடாது. யாரையும் அழுத்தவிடாதீர்கள், அது ஆசிரியராகவே இருந்தாலும்.

தொடையின் பின்பக்கத் தசைகள் புட்டத்து எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகின்றன. அவை குட்டையாக இருந்தால் குனியும்போது இடுப்பெலும்பு அசையாது. மிச்சத் தூரத்தை முதுகு வளைந்து ஈடுகட்டும். அந்த வளைவின்மேல் இன்னொருவர் எடையும் சேர்ந்தால் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் பின்னால் பிதுங்கலாம். எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முள்ளெலும்பே நொறுங்கும் அபாயம் உண்டு. அவர்கள் முதுகைக் கூனிக் குனியும் எந்த ஆசனத்தையும் செய்யக்கூடாது.

இந்த வழியில் பழகுங்கள். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொள்ளுங்கள். மற்றக் காலின் பாதத்தில் நீளமான துண்டைச் சுற்றி இரண்டு முனைகளையும் கைகளில் பிடித்து, அந்தக் காலை மேலே உயர்த்துங்கள். முதுகு தரையில் இருப்பதால் வளைய வழியில்லை. நீள்வது தொடைத் தசை மட்டுமே. முழங்கால் சற்று மடங்கியிருக்கலாம். பத்து மூச்சு, பிறகு அடுத்த கால். இழுவை தொடையின் நடுவில் தெரிந்தால் சரி. முழங்காலின் பின்குழியில் தெரிந்தால் முழங்காலை இன்னும் மடக்குங்கள். புட்டத்து எலும்பின் அடியில் ஊசி குத்துவதுபோல் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். தசைநார் அந்த எலும்பில் ஒட்டும் இடம் காயப்பட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகும், உட்காரும்போதெல்லாம் வலிக்கும்.

கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனம் செய்யும்போதும் மணைமேல் உட்காருங்கள், முழங்காலின் கீழே தலையணை வையுங்கள், கால்விரல்களைப் பிடிப்பதை மறந்துவிட்டுத் தொப்புளை முன்னால் கொண்டுபோகப் பாருங்கள். மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

திருமந்திரத்தில் 16, 64, 32 என்று மூச்சுக்கணக்கு சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு காணொளியைப் பார்த்துச் செய்தேன். நெஞ்சு படபடத்துத் தலை சுற்றியது. எங்கே தவறு?
– வாசகர், தஞ்சாவூர்

கணக்கு திருமந்திரத்தில் இருப்பதுதான். மூன்றாம் தந்திரத்தில் பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 மாத்திரை என்று திருமூலர் சொல்கிறார். ஆனால் அதே தந்திரத்தில் இயமம், நியமம் என்ற ஒழுக்க நெறிகள், ஆசனம் எல்லாவற்றையும் கடந்தபிறகுதான் மூச்சுப்பயிற்சியான பிராணாயாமம் வருகிறது. எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாத்திரையை ஒரு விநாடி என்று எண்ணினால் ஒரே ஒரு மூச்சுக்கு 112 விநாடி. சாதாரணமாக அந்த நேரத்தில் நாம் இருபது முப்பது முறை மூச்சுவிடுகிறோம். அங்கிருந்து ஒரே நாளில் ஒன்றுக்கு வர முடியாது. இது ஆசிரியரின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்கான அளவு.

நுரையீரலை நிரப்பி, மூச்சை அடக்கி, உள்ளே இறுக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. படபடப்பு அதனால்தான். அடக்கிய பிறகு ஈடுகட்ட வேகவேகமாக மூச்சு வாங்கினால், ரத்தத்தில் கரியமிலவாயு தேவையைவிடக் குறைந்து மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன; தலை சுற்றும், விரல் நுனி மதமதக்கும். பிராண சக்தி ஏறுகிறது என்று இதைத் தவறாக எடுத்துக்கொண்டு தொடர்பவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தி, படுத்து, வழக்கம்போல் மூச்சுவிடவேண்டிய நேரம் அது.

அடக்குவதை முழுக்க விட்டுவிட்டு நாடி சுத்தியில் தொடங்குங்கள். மணைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் வலது நாசிக்கு, மோதிரவிரல் இடது நாசிக்கு. வலதை மூடி இடதில் இழுங்கள். இடதை மூடி வலதில் விடுங்கள். வலதிலேயே இழுத்து இடதில் விடுங்கள். இது ஒரு சுற்று. முதல் இரண்டு வாரம் இழுக்க நான்கு எண்ணிக்கை, விட நான்கு, ஐந்து சுற்று. பிறகு விடுவதை மட்டும் ஐந்து, ஆறு என்று நீட்டுங்கள். ஒன்பது சுற்றுக்குமேல் வேண்டாம். மூச்சின் சத்தம் உங்கள் காதுக்கே கேட்கக்கூடாது. அடுத்த மூச்சை அவசரமாக இழுக்கவேண்டியிருந்தால் எண்ணிக்கை அதிகம் என்று பொருள்.

விரலை மூக்கின் நுனியில் வைத்து நசுக்கவேண்டாம். எலும்பு முடிந்து மென்மை தொடங்கும் இடத்தில் தொட்டாலே துவாரம் மூடும். வலது தோள் மெதுவாகத் தூக்கிக்கொள்ளும், தலை குனியும், இடையிடையே கவனியுங்கள். சளிபிடித்து ஒரு பக்கம் அடைத்திருந்தால் அன்று வேண்டாம். கட்டாயப்படுத்தினால் காது வலிக்கும்.

வயிற்றைச் சட்டென்று எக்கி மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். ஹட யோக நூல்கள் அதை ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளில் ஒன்றாகத்தான் வைக்கின்றன. ஆரம்பப் பயிற்சியாக இல்லை. உயர் ரத்த அழுத்தம், இதயநோய், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களும், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், கர்ப்பிணிகளும் செய்யக்கூடாது.

எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. யோகா செய்தால் மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

விடாதீர்கள். தொடர்ந்து செய்தால் இரண்டுமே ஓரளவு குறையக்கூடும். அளவைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பது உங்கள் மருத்துவரின் வேலை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறிப் பக்கவாதத்தில் முடியலாம்.

நீங்கள் கவனிக்கவேண்டியது வேறு. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் அரை மணி நேரம் செய்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம். செய்வதற்குமுன் அளவு 100-க்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டுச் சற்றுப் பொறுத்துத் தொடங்குங்கள். பக்கத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். கைநடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி தோன்றினால் உடனே வாயில் போடுங்கள். 250-க்குமேல் இருந்தால் அன்று சவாசனத்தோடு நிறுத்தி, மருத்துவரைக் கேளுங்கள்.

சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால் தலையை இதயத்துக்குக் கீழே கொண்டுபோகும் எந்த ஆசனமும், மூச்சை அடக்குவதும் கூடாது. கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். ஆண்டுக்கொருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைவென்றால் ஒற்றைக்கால் ஆசனங்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டே செய்யுங்கள், முடித்ததும் உள்ளங்காலில் சிராய்ப்பு உண்டா என்று பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும்; படுத்த நிலையிலிருந்து புரண்டு, உட்கார்ந்து, ஐந்தாறு மூச்சு விட்டபிறகு எழுங்கள்.

மாதவிடாய் நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் செய்யலாமா?
– வாசகி, மதுரை

மாதவிடாய் நாட்களில் உடம்பு கேட்பதைச் செய்யுங்கள். தலைகீழ் ஆசனங்களையும் கபாலபாதியையும் மரபு தவிர்க்கச் சொல்கிறது; நாங்களும் அதையே சொல்வோம். முதுகுக்கு நீளவாக்கில் தலையணை போட்டுச் சாய்ந்து, பாதங்கள் இரண்டையும் சேர்த்து, முழங்கால்களைத் தலையணைகளில் தாங்கிப் பத்து நிமிடம் படுத்தால் அடிவயிற்றின் பிடிப்பு தளரும்.

கர்ப்ப காலத்தில் மகப்பேறு மருத்துவர் சரி என்றபிறகே. குப்புறப் படுப்பது, வயிற்றை முறுக்குவது, மூச்சை அடக்குவது வேண்டாம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நீண்டநேரம் படுக்கக்கூடாது. கருப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்திக் குழந்தைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சவாசனத்தையும் இடது பக்கம் ஒருக்களித்தே செய்யுங்கள். இன்னொன்று: அந்த மாதங்களில் மூட்டு நார்கள் இயல்பாகவே தளர்ந்திருக்கும். முன்பு வராத ஆசனம் இப்போது வருகிறதே என்று முழு அளவுக்குப் போகாதீர்கள். பிரசவத்துக்குப்பின் இடுப்பு வலி மிஞ்சும். ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, தலைசுற்றல், குழந்தையின் அசைவில் குறைவு தெரிந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

சூரிய நமஸ்காரம் 108 செய்யச் சொல்கிறார்கள். எனக்கு ஆறிலேயே மணிக்கட்டு வலிக்கிறது.
– வாசகர், ஈரோடு

ஆறிலேயே நில்லுங்கள். தொடங்குபவருக்கு மூன்றே போதும். வாரத்துக்கு ஒன்று கூட்டலாம். பன்னிரண்டு நிலைகளை வரிசையாகக் கோத்த இந்தப் பயிற்சி, நாடறிந்த உடற்பயிற்சியாகப் பரவியதில் மகாராஷ்டிரத்தின் ஔந்த் சமஸ்தான மன்னருக்கு 1920களில் பெரிய பங்கு உண்டு. எண்ணிக்கை ஆசை எப்போதும் கடைசிச் சுற்றுகளைக் கெடுக்கும்: இடுப்பு தொங்கும், மூச்சும் அசைவும் பிரிந்துவிடும்.

மணிக்கட்டு வலிக்குக் காரணம், பாரம் முழுவதும் உள்ளங்கையின் அடிப்பகுதியில் இறங்குவது. விரல்களை நன்றாக விரித்து, ஆள்காட்டி விரலின் வேர்ப்பகுதியைத் தரையில் அழுத்துங்கள். மலைபோல் இடுப்பை உயர்த்தும் நிலையில் குதிகால் தரையைத் தொடவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் முழங்காலை மடக்கினால் எடை கால்களுக்குத் திரும்பும். அப்படியும் வலித்தால் ஒரு மாதம் கைகளைத் தரைக்குப் பதில், சுவரோடு ஒட்டிய நாற்காலியின் இருக்கையில் ஊன்றிச் செய்யுங்கள்.

சிரசாசனம் செய்தால் முடி கொட்டாது என்கிறார்களே?
– வாசகர், விழுப்புரம்

முடிக்காகக் கழுத்தைப் பணயம் வைக்காதீர்கள். கழுத்தெலும்புகள் தலையைச் சுமக்க அமைந்தவை, உடம்பைச் சுமக்க அல்ல. சிரசாசனத்தில் கண்ணின் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பவருக்கு அது பார்வையையே பறிக்கும், அந்த நோய் இருப்பது பலருக்குத் தெரியாமலே இருக்கும். கால்கள் ஓய்வுபெறவேண்டுமானால் சுவரோரம் படுத்து, கால்களைச் சுவரில் நீட்டி ஐந்து நிமிடம் இருங்கள்.

உடம்பு இளைக்குமா?
– வாசகி, சென்னை

யோகாவால் மட்டும் இளைப்பது கடினம். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நிதானமாக ஆசனம் செய்தால் ஏறக்குறைய 150 கலோரி செலவாகும். அதே நேரம் வேகமாக நடந்தால் 250. நடையையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தேவாலயத்துக்குப் போகிறவள். மந்திரம் சொல்லித்தான் ஆகவேண்டுமா?
– வாசகி, வேளாங்கண்ணி

வேண்டியதில்லை. மூச்சை விடும்போது உதடுகளை மூடி "ம்ம்ம்" என்று ரீங்கரித்தால் மூச்சு தானாக நீளும். மனத்துக்குள் உங்களுக்குப் பழக்கமான ஜெபத்தைச் சொல்லலாம், ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம்.

ஐயங்கார் யோகா, அஷ்டாங்க வின்யாசா என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பெயர். எதில் சேர்வது? ஆசிரியரை எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், புதுச்சேரி

இந்த இரண்டு பெயர்களும் ஒரே ஆசிரியரிடம் போய்ச் சேருகின்றன. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் கற்பித்தவர். துள்ளும் வயதில் அவரிடம் பயின்ற பட்டாபி ஜோயிஸ் மைசூரிலேயே தங்கி, மூச்சோடு சேர்ந்த வேகமான ஆசனத் தொடர்களைக் கற்பித்தார்; அதுதான் அஷ்டாங்க வின்யாசா. பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில், கட்டை, பட்டை, கயிறு, நாற்காலி என்று துணைப்பொருட்களை வைத்து, ஒரே ஆசனத்தில் நீண்டநேரம் நுணுக்கமாக நிற்கும் முறையை வளர்த்தார். கிருஷ்ணமாச்சாரியார் 1952-இல் சென்னைக்கு வந்தார். அங்கே அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவி, அவரவர் வயதுக்கும் நோய்க்கும் ஏற்ப ஒருவருக்கு ஒரு பயிற்சி என்ற வழியைத் தொடர்ந்தார். குருவே ஆளுக்குத் தக்கபடி மாற்றிக் கற்பித்ததால்தான் சீடர்களின் முறைகள் இத்தனை வேறுபடுகின்றன.

இருபது வயது, வலி ஏதும் இல்லை என்றால் வேகமான முறை பிடிக்கும். நாற்பது தாண்டி, மூட்டுப் பிடிப்பு உள்ளவர்கள் துணைப்பொருள் வைக்கும் வகுப்புக்கோ, மூச்சை முன்வைத்து மெதுவாகச் செய்யும் வகுப்புக்கோ போங்கள். நோய் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் பலவற்றில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது, இயற்கை மருத்துவம், யோகாவுக்கான பட்டப்படிப்பான பி.என்.ஒய்.எஸ். படித்த மருத்துவர்கள் அங்கே பார்க்கிறார்கள்.

ஆசிரியரைப் பற்றி: முதல் நாளே உங்களுக்கு என்ன நோய், என்ன அறுவை சிகிச்சை நடந்தது, என்ன மாத்திரை என்று கேட்கிறாரா? உங்களால் முடியாதபோது மாற்றுவழி கொடுக்கிறாரா? தொடுவதற்குமுன் அனுமதி கேட்கிறாரா? வகுப்பு முடிவில் சவாசனத்துக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குகிறாரா? இதில் எதற்காவது இல்லை என்பது பதிலானால் வேறு வகுப்பைத் தேடுங்கள். அவரே எவ்வளவு அழகாக வளைகிறார் என்பது ஒரு தகுதியே அல்ல. ஆன்லைன் வகுப்பானால் உங்கள் கேமராவை அவர் பார்க்கிற வகுப்பாக, பத்துப் பேருக்கு மிகாததாகத் தேர்ந்தெடுங்கள்.

சவாசனத்தில் தூங்கிவிடுகிறேன். தவறா?
– வாசகி, திருநெல்வேலி

தவறில்லை, இரவுத் தூக்கம் போதவில்லை என்று உடம்பு சொல்கிறது. விழித்திருக்க விரும்பினால் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து, ஒரு முழங்கையை மட்டும் மடக்கி முன்கையை நேராக மேலே நிறுத்திப் படுங்கள். கண் அயரும்போது கை சாய்ந்து எழுப்பிவிடும். பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, தோள், தாடை என்று ஒவ்வொன்றாக மனத்தால் தொட்டு வாருங்கள். தாடையும் நாக்கும்தான் கடைசியாகத் தளரும். மழைக்காலத்தில் மேலே ஒரு போர்வை போர்த்துங்கள், அசையாமல் கிடக்கும்போது உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். முடிந்ததும் விரல்களை அசைத்து, ஒரு பக்கம் புரண்டு, இரண்டு மூச்சு அப்படியே கிடந்து, கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். தலை கடைசியாக எழட்டும்.